ட்ரோன் சர்வேக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் 40 சென்ட் தென்னந்தோப்பு. மேற்கு வரப்பு கரைந்துபோய்விட்டதால் கம்பி வேலி போட நினைத்தோம். தாலுகா சர்வேயருக்கு மனுப் போட்டுக் காத்திருக்க எனக்குத்தான் பொறுமை இல்லை. ட்ரோனில் அளந்து தருகிறேன் என்ற ஒருவரைக் கூப்பிட்டேன். 18,000 ரூபாய். "2 சென்டிமீட்டர்கூடப் பிசகாதுங்க" என்றார்.

அரை மணி நேரம் பறக்கவிட்டார். மூன்றாம் நாள் வந்த படத்தில் களத்தில் கட்டியிருந்த ஆட்டின் நிழல்கூடத் தெரிந்தது. மேலே சிவப்புக் கோட்டில் எங்கள் எல்லை. சரி பார்க்கலாம் என்று கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் டேப் பிடித்தேன், படத்தில் இருந்த அளவேதான். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அவருடைய ஆள் செல்போன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, கல் நட வேண்டிய இடங்களுக்குச் சுண்ணாம்பு போட்டுக் காட்டினார்.

கல் நட ஆரம்பித்த அன்றே பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்துவிட்டார். "ஏந் தம்பி, எம்பட காட்டுக்குள்ள கல்லு நடறீங்க?"

கடைசியில் அந்த மனுவைத்தான் போட்டோம். சர்வேயர் புலப்படத்தோடு (எல்லை அளவுகள் குறித்த அரசு வரைபடம்) வந்து, முள்ளுக்கடியில் கிடந்த பழைய எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து அங்கிருந்து அளந்தார். எங்கள் கல்வரிசை 11 அடி தள்ளி நின்றது. 400 அடி நீளத்துக்கு 11 அடி என்றால் பத்து சென்ட்!

இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்புறம் விளக்கினார். ட்ரோன் எடுக்கும் நூற்றுக்கணக்கான போட்டோக்களை மென்பொருள் ஒட்டி ஒரே படமாக்குகிறது. சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். அதனால் பறப்பதற்கு முன் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் இடத்தையும் டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் மென்பொருள் படத்தைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும். பறக்கும்போதே ஜிபிஎஸ் பிசகைத் திருத்திக்கொள்ளும் ஆர்டிகே ட்ரோனாக இருந்தாலும் சரிபார்க்க இப்படிச் சில புள்ளிகள் வேண்டும். எங்கள் தோப்பில் ஒரு அட்டைகூடப் போடவில்லை. படம் மொத்தமாக ஒரே பக்கம் நகர்ந்திருந்தது. அதனால்தான் உள்ளே நான் பிடித்த டேப் அளவு ஒத்துப்போனது.

போதாததற்கு, தென்னை மட்டை மூடிய வரப்பு கேமராவுக்குத் தெரியாது, அதற்கு லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவி வேண்டும். சிவப்புக் கோடு குத்துமதிப்பாகப் போட்டதுதான்.

கூப்பிடுவதாக இருந்தால் அட்டை எங்கே போடுவீர்கள், எந்த எல்லைக்கல்லிலிருந்து தொடங்குவீர்கள் என்று முதலில் கேளுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். அதையும் காட்டச் சொல்லுங்கள். நான் எதையும் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு போன் செய்தேன். "படம் தெளிவாத்தானுங்களே இருக்குது?" என்றார். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. பிடுங்கிய கல்லெல்லாம் களத்தில் அடுக்கிக் கிடக்கிறது.