மிஷன் பீக்: பல வருஷமா ஏறி இறங்குன அனுபவம்

கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட் ஊருக்குக் குடி வர்ற நம்ம ஆளுங்க முதல் சில மாசத்துக்குள்ள ரெண்டு வேலை பண்ணிடுவாங்க. ஒன்னு நல்ல ஸ்கூல் எந்த ஏரியாவுல இருக்குன்னு விசாரிக்கிறது, இன்னொன்னு அங்க இருக்கிற மிஷன் பீக் மலை ஏறி உச்சில இருக்கிற கம்பத்துல தொத்திக்கிட்டு ஒரு போட்டோ எடுக்கிறது. அதோட சரி, மறுபடி அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க, கேட்டா "ஒரே வெயிலுங்க, கூட்டம் வேற, பார்க்கிங்கும் கிடைக்கல"ன்னுவாங்க. மூனும் உண்மைதான், மறுக்கல. ஆனா ஆகஸ்ட் மாசம் சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமாப் போனா வேற என்ன கிடைக்கும்? இந்த மலையைப் பொறுத்தவரைக்கும் எந்த வழி, எந்த மாசம், இந்த ரெண்டுலதான் எல்லாமே இருக்கு.

முதல்ல எல்லாரும் போற ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வழி. ஹிடன் வேலி ட்ரெயில்னு பேரு, உச்சி வரைக்கும் ஒரு பக்கம் 3 மைல் கிட்ட வரும். 3 மைல்தானே, அரை நாள்ல முடிச்சிட்டு மதியம் சாப்பாட்டுக்கு வந்துடலாம்னு தோணும், வந்துடவும் செய்யலாம், ஆனா அந்த 3 மைலுக்குள்ள 2,000 அடிக்கு மேல ஏறணும், உச்சியே 2,500 அடிக்குக் கொஞ்சம் மேலதான், அதனால சமதளம்னு சொல்லி மூச்சு வாங்க ரொம்ப இடம் கிடையாது. ஜீப் போற அகலத்துக்கு மண் ரோடு, அங்கங்க பேருக்கு ஒரு மரம். தண்ணி கீழ ஏறுற இடத்துலயே பிடிச்சுக்கணும், மேல கிடையாது. ஆளுக்கு ரெண்டு லிட்டர், கோடைன்னா மூனு. அரை லிட்டர் பாட்டில் ஒன்னைக் கைல சுழட்டிக்கிட்டு ஏறுற குடும்பத்தை ஒவ்வொரு தடவையும் பாக்குறேன். வெயில் தாங்காம மயங்கி, மீட்புக்கு ஆள் வர வேண்டியதாகுறது இங்க அடிக்கடி நடக்கிற விஷயம்.

பார்க்கிங்ல நாப்பது சொச்சம் வண்டிதான் நிக்கும். வீக்கெண்ட்ல விடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே ரொம்பிடும், பக்கத்துத் தெருவுல விடலாம்னு பாத்தா வீக்கெண்ட்லயும் லீவு நாள்லயும் அங்க குடியிருக்கிறவங்க பர்மிட் இல்லாம விடக்கூடாது, விட்டா டிக்கெட் விழும். அந்தத் தெருக்காரங்களையும் குத்தம் சொல்ல முடியாது, தெனமும் வாசல்ல கார் கதவு சாத்துற சத்தம்னா யாருக்குத்தான் கடுப்பாகாது. கேட் காலைல ஆறரைக்குத் திறக்கும், சாயங்காலம் மூடுற நேரம் சீசனுக்குத் தகுந்த மாதிரி மாறும், போர்டுல பாத்துக்கோங்க, ஏன்னா மூடுன பிறகு உள்ள இருந்தா அபராதம்.

இப்ப நான் போற வழி. ஓலோனி காலேஜ் பக்கம். அங்க பார்க்கிங்குக்குக் காசு கட்டணும், அதனாலயே பாதிப் பேரு வர்றதில்ல, என்னைக் கேட்டா அந்தக் காசுதான் இந்த வழியைக் காப்பாத்துது. கூட அரை மைல் கிட்ட நடக்கணும், ஆனா ஏத்தம் மெதுவா ஆரம்பிக்குது, ஓக் மரம், பே லாரல் மரம்னு ஆரம்பத்துல நல்ல நிழல். அந்த பே லாரல் இலையைக் கீழேர்ந்து ஒன்னு பொறுக்கிக் கசக்கி மோந்து பாருங்க, பிரியாணிக்குப் போடுற பிரிஞ்சி இலைய நாலு மடங்கு தூக்கலா ஆக்கின மாதிரி குப்புனு ஏறும், ரொம்ப நேரம் மோந்தா தலைவலியே வந்துடும். மாட்டுக் கேட்டைத் தாண்டினதும் புல்வெளி, அங்கேர்ந்து பீக்கோட வடக்கு முகம் பாறையும் சரிவுமா நேரா எதிர்ல நிக்கும். கேட்டைத் திறந்தா திரும்ப மூடிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.

மாடுங்க இங்க சும்மா சுத்தல, இந்த மலையைப் பாத்துக்கிற பார்க் டிஸ்ட்ரிக்ட்டே ஏற்பாடு பண்ணி மேய விடுறதுதான். புல்லு முழங்கால் உசரத்துக்கு வளந்து காய்ஞ்சா ஒரு பொறி பட்டாப் போதும், அதைக் குறைக்கத்தான். பெரும்பாலும் நம்மளைக் கண்டுக்காதுங்க, ஆனா கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல மட்டும் போகாதீங்க.

மாசம்னு பாத்தா பிப்ரவரி கடைசிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் என் கணக்கு. மழை முடிஞ்சு மலை மொத்தமும் பச்சை, கலிஃபோர்னியா பாப்பியும் லூபினும் பூத்திருக்கும். மே பாதிக்கு மேல எல்லாம் காய்ஞ்சு வைக்கோல் நிறமாயிடும். அதையும் "கோல்டன்"னு சொல்லிக்கிறாங்க, சொல்லிக்கட்டும். குளிர் காலத்துல மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க, இந்த மண்ணு களிமண்ணு, பத்தடி நடக்கிறதுக்குள்ள ஷூவுல ஒரு கிலோ ஒட்டிக்கும், வழியும் கெட்டுப் போகும். இந்த மலையே அந்த விஷயத்துல நம்பகமான மலை இல்ல, 1998 மழையில மேக்குப் பக்கச் சரிவு பெருசா சரிஞ்சுது, தழும்பு 680 ஹைவேல கார் ஓட்டிட்டுப் போகும்போதே தெரியும். அதனாலதான் குறுக்கு வழில ஏறாதீங்கன்னு அவ்வளவு போர்டு வெச்சிருக்காங்க. வளைவை விட்டுட்டு நேரா செங்குத்தா ஏறிக் காட்டுற பசங்க இருக்காங்களே, அவங்க போற தடம்தான் அடுத்த மழையில வாய்க்காலாகுது.

உச்சி பத்தி. கடைசிக் கொஞ்ச தூரம் பாறை, கை ஊனி ஏற வேண்டியிருக்கும், காத்து தள்ளும், கீழ டீஷர்ட்ல வேர்த்து ஊத்தினாலும் பைல ஒரு விண்ட்சீட்டர் இருக்கட்டும். போட்டோவுல பாக்குற அந்தக் கம்பம் 1990-ல வெச்சது, அதுல சின்னச் சின்னக் குழாய் இருக்கு, ஒவ்வொன்னு வழியாப் பாத்தா ஒவ்வொரு இடம் தெரியுற மாதிரி திசை பாத்துப் பொருத்தினது. அது மேல ஏறி நிக்கிறதுக்கு லைன் கட்டுறவங்கள்ல எத்தனை பேரு அந்தக் குழாய்ல கண்ணு வெச்சுப் பாக்குறாங்கன்னு பாத்தேன், ரொம்பக் கம்மி. தெளிவான நாள்ல மேற்க உப்புப் பாத்தியும் டம்பார்ட்டன் பாலமும், வடக்க மவுன்ட் டயாப்லோ, தெக்க மவுன்ட் ஹாமில்டன் மேல இருக்கிற ஆப்சர்வேட்டரியோட வெள்ளைக் குமிழ் எல்லாம் தெரியும். இன்னொரு விஷயம், இந்த மலைத்தொடர்ல இது உசரமான உச்சி இல்ல, தெக்க இருக்கிற மவுன்ட் அலிசனும் மான்யுமென்ட் பீக்கும் இதை விட உசரம், ஆன்டெனா நட்டு வெச்சிருக்கிறதால போட்டோவுக்கு ஆள் வர்றதில்ல, அவ்வளவுதான். இப்பல்லாம் நான் பாதி நாள் உச்சிக்குப் போறதே இல்ல, கீழ புல்வெளியிலயே உக்காந்து ரெண்டு ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டு வந்துடுவேன்.

எறங்குறதுதான் பெரிய வேலை. காஞ்ச மண்ணு மேல பொடிக்கல்லு உருளும், ஏறும்போது தெரியாது, எறங்கும்போது ஒவ்வொரு அடியும் முட்டியில இடிக்கும். சாதா ரன்னிங் ஷூ வழுக்குது, அடில நல்ல பிடிப்பு இருக்கிற ட்ரெயில் ஷூவும் ரெண்டு குச்சியும் இருந்தாப் போதும், பெரிய பூட்டெல்லாம் தேவையில்ல. அப்பா கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருந்தப்ப ஒரு மார்ச்ல ஓலோனி வழியாக் கூட்டிட்டுப் போனேன். குச்சி வேணாம்னுட்டாரு, "ஏன்டா, வெள்ளியங்கிரி ஏறுனவனுக்கு இதெல்லாம் ஒரு மலையா"ன்னு. ஏறும்போது எனக்கு முன்னாடிதான் போனாரு. எறங்கும்போது பாதில நின்னு, திரும்பிப் பாக்காமலே கைய மட்டும் பின்னாடி நீட்டினாரு, நானும் ஒன்னும் பேசாம குச்சியைக் கொடுத்துட்டேன்.

பாம்பு இருக்கு, வாலை ஆட்டிச் சத்தம் போடுற ராட்டில் ஸ்நேக். வெயில் ஏற ஏற வழி நடுவுலயே படுத்திருக்கும், நின்னு அதுக்கு வழி விட்டாப் போதும், அது பாட்டுக்குப் போயிடும். காதுல இயர்ஃபோன் மாட்டிட்டு நடக்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான். ஓலோனி பக்கம் நிழல் இருக்கிற இடத்துல பாய்சன் ஓக் உண்டு, தொட்டா அரிப்பெடுக்கும், மூனு மூனா இலை இருக்கிற செடின்னா கை வைக்காதீங்க, குழந்தைங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. ஆறு ஏழு வயசுக் குழந்தைங்கன்னா நான் இங்க கூட்டிட்டு வர மாட்டேன், கொயோட்டி ஹில்ஸ் போங்க, அதுவும் ஃப்ரீமான்ட்தான், பாதி வழியில தூக்கிட்டு நடக்க வேண்டியிருக்காது.

நல்லாப் பழகினவங்களுக்கு ஓலோனி வில்டர்னஸ் ட்ரெயில் இருக்கு, ஸ்டான்ஃபோர்ட் அவென்யூவுல ஆரம்பிச்சு சுனோல் வழியா லிவர்மோர் பக்கம் டெல் வாலே வரைக்கும் 28 மைல், அதுக்குத் தனியா பர்மிட் வாங்கணும். நான் இன்னும் முழுசாப் போகல, வர்ற ஏப்ரல்ல நடுவுல ஒரு ராத்திரி கேம்ப் போட்டு முடிக்கிற எண்ணம். கூட வர யாராவது ரெடின்னா சொல்லுங்க, டென்ட் என்கிட்ட இருக்கு.