வாரா வாரம் சீட்டு: பரிந்துரைக் குழுவில் இருந்து பார்த்த அனுபவம்

ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் எங்கள் காரைக்குடி வியாபாரிகள் குழுவில் இந்த வருடம் சந்தாவைக் குறைத்துவிட்டார்களாம். தேவகோட்டையில் கிரானைட் கடை வைத்திருக்கும் நண்பர், "சேரலாமாண்ணே?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

குழு நடக்கும் விதம் தெரிந்ததுதான். வாரம் ஒரு காலைக் கூட்டம், ஒரு தொழிலுக்கு ஒரே ஆள், ஆளுக்கொரு நிமிடப் பேச்சு, அப்புறம் பரிந்துரைச் சீட்டு, அதாவது வேலை கொடுக்கக்கூடியவரின் பெயரும் நம்பரும் எழுதிய துண்டு. தொழிலுக்கு ஒருவர் என்பது 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியிலேயே ஆரம்ப காலத்தில் இருந்த வழக்கம். 1985-ல் ஐவன் மைஸ்னர் கலிபோர்னியாவில் தொடங்கிய பி.என்.ஐ. என்ற வியாபாரத் தொடர்பு அமைப்பு, பரிந்துரைகளுக்கும் கணக்கு வைத்தது. அதையெல்லாம் பார்த்துக் காரைக்குடிக்காரர்கள் தாங்களாகவே ஆரம்பித்த குழு எங்களுடையது.

எனக்கு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறை. குழுவால் லாபமே இல்லை என்று சொன்னால் பொய். நல்ல ஆடிட்டர் கிடைத்தார். கல் உடையாமல் சென்னைக்கு ஏற்றிப்போக லாரிக்காரர் கிடைத்தார்.

எரிச்சல் எல்லாம் அந்தச் சீட்டில்தான். யார் எத்தனை கொடுத்தார் என்று கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து கையில் கிடைத்த நம்பரை எழுதிக் கொடுக்கிறார்கள். 'அவசரம்' என்று கோடு போட்ட ஒரு சீட்டை நம்பிப் பேசினேன். அந்த மனிதருக்கு வேண்டியது பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ், அதுவும் நாளை மறுநாள்! நம் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறத்தை ஒவ்வொன்றாக ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். இதை என் ஒரு நிமிடத்தில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. கேட்பவர் யார்? அவரவர் தங்கள் நிமிடத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊர் நகரத்தார்கள் ரங்கூனில் கோயிலில் கூடி, தங்களுக்குள் எல்லோருக்கும் பொதுவான நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்தவர்கள். வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்த ஊரில் இப்போது சீட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம். சரி, விடுங்கள்.

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது, எங்கள் குழுவில் இருக்கும் சமையல் காண்டிராக்டர் மூலம் கிடைத்த வேலை. கட்டடத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ பேசி முடித்ததும் பெரிய வீட்டுக்குள் முதலில் போகிற ஆள் அவர்தான். அடுப்பு போட இடம் பார்க்க இரண்டாம் கட்டு வரை போவார். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், கல் பெயர்ந்து கிடந்தால் அங்கேயே நின்று எனக்கு போன் செய்வார்: "அண்ணே, ஆச்சி பக்கத்துலதான் இருக்காக, பேசுங்க." பட்டறைக்கு வந்து வேலையைப் பார்த்தவர் என்பதால், எத்தனை நாளாகும் என்று ஆச்சியிடம் முன்பே சொல்லியிருப்பார். பதிலுக்கு, தரை வேலை முடிகிற வீட்டில் கிரகப்பிரவேச நாளைக் கேட்டு அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் அனுப்பியதில் வீணாய்ப் போனது என்று எதுவும் இல்லை.

போன மாதம் அவரை எழுப்பி நிறுத்தி, "உங்க சீட்டு சைபர்" என்று வாசித்தார்கள். அவர் சீட்டு எழுதுவதில்லை, போன்தானே செய்கிறார்! மச்சான் நம்பரையும் சித்தப்பா நம்பரையும் எழுதித் தள்ளியவருக்குக் கைதட்டல், சால்வை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பொங்கல் இறங்கவில்லை.

ஆகவே நண்பரே, சேராதீர்கள், சந்தா பாதியானாலும். கிரானைட்டுக்கு வேலை கொண்டுவருவது கிச்சன் அலமாரி செய்கிற ஆசாரியும் மேஸ்திரியும். அவர்கள் எங்கள் குழுவில் இல்லை. தேவகோட்டை ரஸ்தாவில் காலையில் டீக்கடைக்குப் போனால் பிடித்துவிடலாம். கடைக்குக் கூட்டிப்போய்ப் பலகையைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், அவர்கள் வேலையை நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

நான் இந்த வருடமும் பணம் கட்டிவிட்டேன். சமையல்காரர் கட்டினார், அதனால் கட்டினேன்.