கட்டாகோவுடன் மூன்று வருட ஹேண்டிகேப் ஆட்டம்: 9 காயிலிருந்து 7 காய் வரை

கறுப்பு, வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம் கோ; கட்டாகோ அதை ஆடும் கணினி நிரல். அதனிடம் 9 காய் ஹேண்டிகேப்பாக, அதாவது ஆரம்பத்திலேயே பலகையில் வைத்துக்கொள்ளும் சலுகையாக, வாங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது 7 காயில் இருக்கிறேன். பத்து ஆட்டத்தில் மூன்று, நான்கு ஜெயிக்கிறேன்.

அதற்கு முன் வேறொரு நிரல் வைத்திருந்தேன். சம ஆட்டத்தில் அசுர பலம். ஆனால் 9 கறுப்புக் காய்களை நட்சத்திரப் புள்ளிகளில் (பலகையில் குறியிட்ட இடங்களில்) வைத்துவிட்டு அதற்கு வெள்ளையைக் கொடுத்தால் ஆட்டமே குலைந்துபோகும். செத்த காய்களை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு பதில் வைத்தாலே அடங்கிவிடும் மிரட்டலை வைக்கும். அது பார்த்தது வெற்றி வாய்ப்பை மட்டும்தான். அவ்வளவு பின்தங்கிய நிலையில் எங்கே வைத்தாலும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் நல்ல இடமும் கெட்ட இடமும் அதற்கு ஒன்றாகிவிட்டன. கறுப்பைக் கொடுத்தால் இதே நோய் தலைகீழாக வரும்: எப்படியும் ஜெயிப்போம் என்று தளர்ந்து ஆடி, முன்னிலையைக் கரைக்கும்.

டேவிட் வூ 2019-ல் வெளியிட்ட கட்டாகோ புள்ளிக் கணக்கையும் பார்க்கிறது. 80 புள்ளி பின்தங்கினாலும் அதை 75 ஆக்க வழி தேடும். ஹேண்டிகேப் ஆட்டங்களும் பலவிதக் கோமிகளும் (வெள்ளைக்கு ஈடாகத் தரும் புள்ளிகள்) அதன் பயிற்சியிலேயே இருந்தன. கூடவே 'பிளேஅவுட் டபுளிங் அட்வான்டேஜ்' என்ற அமைப்பு உண்டு. அதைக் கூட்டினால், எதிராளி தன்னைவிடக் குறைவாகக் கணக்கிடுபவர் என்று வைத்துக்கொண்டு ஆடும். மூலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போகும்; முடிச்சுகளை அவிழ்க்காமல் வைத்திருக்கும். நல்ல டான் (உயர்நிலை) ஆட்டக்காரர் காய் கொடுத்து ஆடுவதும் இப்படித்தான்.

ஆரம்பத்தில் நான் தோற்ற விதம் பெரும்பாலும் ஒன்றே. 100-ஆவது காய் வைக்கும் வரை பெரிய முன்னிலை, அப்புறம் என் காய்களைப் பிரிக்கும் ஒரு வெட்டு, கண் (குழு பிழைக்கத் தேவையான, உள்ளே சூழ்ந்த காலி இடம்) இல்லாமல் அலையும் இரண்டு குழுக்கள். முன்னிலையில் இருக்கும்போதே பலவீனக் குழுவுக்கு ஒரு காய் செலவழிக்க வேண்டும் என்பது அந்தத் தோல்விகளில்தான் மண்டையில் ஏறியது.

புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டாகோ யோசிக்கும் அளவைக் குறைத்தால் பலம் போதிய அளவு குறையாது. அதற்கு 2024-ல் வந்த, மனிதரைப் போல ஆடும் மாடலைப் போட்டு, 5 கியூ (டானுக்குக் கீழான தரநிலை) என்று அமைத்து, 4 காய் வாங்கி ஆடுங்கள். அது செய்யும் தவறுகளும் மனிதத் தவறுகளாகவே இருக்கும்.

காய் வாங்குவதில் கூச்சம் வேண்டாம். 2018 ஜனவரியில் சீனாவின் முன்னணி தொழில்முறை ஆட்டக்காரர் கே ஜியே, 'ஃபைன் ஆர்ட்' என்ற கோ நிரலிடம் 2 காய் வாங்கி ஆடி, 77-ஆவது காயிலேயே தோற்றார்.

6 காயில் நான்கு முறை முயன்றேன். நான்கும் தோல்வி. இன்னும் கொஞ்ச நாள் 7 காய்தான்.