விண்டோஸ் மேம்பாட்டுக்குப் பின் நிறுவ மறுத்த டாட்நெட்: ஐந்து ரோட்டு மாடிக்கடை ஒன்றின் சேவை

சேலத்தில் கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. திரையில் தெரியும் பிழை எண்ணை நிதானமாகப் படித்து, அது எதைச் சொல்கிறதோ அதற்கான வேலையை மட்டும் செய்யும் கடைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது; பெரும்பாலான இடங்களில் நோய் எதுவானாலும் ‘ஃபார்மட்’ என்ற ஒரே மருந்துதான் கிடைக்கிறது. ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, பக்கத் தெரு ஒன்றின் மாடியில், ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்ற சொற்களைத் தவிர வேறு பெயர் எதுவும் எழுதப்படாத பலகையுடன் இயங்கும் சிறிய கடை இதற்கு விலக்கு. அங்கே எனக்குக் கிடைத்த சேவையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறிய சிறு வியாபாரிகள் பலருக்கும் இதே சிக்கல் வரக்கூடும் என்பதே காரணம்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் நான் கணக்கு எழுதுகிறேன். பட்டறைகளுக்குக் கொடுக்கும் வெள்ளியின் எடை, அதன் டச் (தூய்மை அளவு), கொலுசாகத் திரும்பி வரும்போதுள்ள எடை, சேதாரம், கூலி ஆகிய அனைத்தும் ஒரு பழைய மென்பொருளில்தான் பதிவாகின்றன. அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. நிறுவுவதற்கான குறுந்தகடும் எங்களிடம் இல்லை. உரிமமோ அந்த ஒரு கணினியோடு பிணைக்கப்பட்டது. ஆகவே, கணினியை வெறுமையாக்கி எல்லாவற்றையும் புதிதாகப் போடலாம் என்ற யோசனை எங்களைப் பொறுத்தவரை, பட்டறைக் கணக்கு முழுவதையும் கைவிடலாம் என்ற யோசனைக்குச் சமம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் கணினி ஒரு பெரிய அலுவலகத்தில் பயன்பட்டுப் பின்னர் புதுப்பித்து விற்கப்பட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு ஆகிய தகுதிகள் அதற்கு இருந்தமையால், கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, பென் டிரைவ் மூலம் விண்டோஸ் 11க்கு மேம்படுத்தப்பட்டது. மேம்பாடு குறையின்றி முடிந்தது. ஆனால், கொலுசுக் கணக்கு மென்பொருளைத் திறந்தபோது, அது இயங்குவதற்கு டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5 தேவை என்றும் அதைப் பதிவிறக்கி நிறுவலாம் என்றும் ஒரு பெட்டி தோன்றியது. நிறுவச் சொன்னால், சிறிது நேரம் ஓடிவிட்டு, 0எக்ஸ்800எஃப்0954 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிட்டது.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. டாட்நெட் 3.5 என்பது மென்பொருள்கள் இயங்கத் துணைநிற்கும், மைக்ரோசாஃப்ட் 2007இல் வெளியிட்ட தொகுப்பு; 2.0, 3.0 ஆகிய பதிப்புகளுக்கு எழுதப்பட்ட மென்பொருள்களும் அதைக் கொண்டே இயங்கும். விண்டோஸ் 11இல் 4.8 வரிசை முன்கூட்டியே இருக்கிறதே, புதியது இருக்கும்போது பழையது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். 4ஆம் வரிசையின் இயக்கச் சூழல் வேறு, 3.5க்கும் அதற்கு முந்தையவற்றுக்குமான இயக்கச் சூழல் வேறு. இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்குமே தவிர, பொதுவாக ஒன்றின் வேலையை மற்றொன்று ஏற்பதில்லை. மேலும், 3.5க்கான கோப்புகள் விண்டோஸுடன் சேர்ந்து வட்டில் இறங்குவதில்லை. கேட்கும்போது மட்டும் வெளியிலிருந்து கொண்டுவரப்படும் விருப்பக் கூறாகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் எங்கள் கணினி தடுமாறியது.

முதலில் நாங்கள் அணுகியது வேறொரு கடையை. அங்கிருந்து வந்த இளைஞர் தம் பென் டிரைவிலிருந்து அந்தக் கூறை நிறுவ முயன்றார். இம்முறை எண் மாறி, 0எக்ஸ்800எஃப்081எஃப் என்று வந்தது. “விண்டோஸ் ஃபைலே கரப்ட் ஆயிருக்குங்க சார், ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுடலாங்க” என்று அவர் முடிவு சொன்னார். எண் ஏன் மாறியது என்பது அவருக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. டச் பார்க்காமல் வெள்ளியை உருக்குவதைப் போன்ற அவசரம் அது.

மாடிக்கடைக்காரர் அப்படிச் செய்யவில்லை. கணினியை மேசையில் வைத்ததும் அவர் முதலில் கேட்டது, மேம்பாட்டுக்குப் பின் எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். பத்து நாட்களுக்குள் என்றால், விண்டோஸ் 11இன் மீட்பு அமைப்பிலேயே பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்கிறது. அந்தக் காலம் கடந்தால் அந்த வழி மூடிவிடும். எங்களுக்கு அது மூடியிருந்தது. அடுத்து, வேறு எதிலும் கை வைப்பதற்கு முன், மென்பொருளின் தரவுக் கோப்புறை முழுவதையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்பதையும் எனக்குக் காட்டினார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடையைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

பிறகு அவர் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தார். சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் அங்கே ஒரு சிறு வரி இருந்தது. “உங்க கடைக்கு ஏதுங்க சார் நிறுவனம்?” என்று சிரித்தபடியே அவர் கேட்டதில்தான் விடையும் இருந்தது. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியும் நேரே மைக்ரோசாஃப்ட்டிடம் போய் மேம்பாடுகளைப் பெறுவதில்லை. அலுவலகத்துக்குள்ளேயே டபிள்யூஎஸ்யூஎஸ் எனப்படும் ஒரு சர்வர் இருந்து அவற்றை வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும். எங்கள் கணினி அந்தப் பழைய அலுவலகத்தின் சர்வர் முகவரியை இன்னும் தன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) வைத்துக்கொண்டு, டாட்நெட் கோப்புகளுக்காக அதையே தேடிக்கொண்டிருந்தது. கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டு செய்யும் மேம்பாட்டில் இத்தகைய அமைப்புகளும் கூடவே வந்துவிடும். 0954 என்ற எண் பெரும்பாலும் சுட்டுவது இந்த நிலையைத்தான்: கோப்பு கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, கேட்கக்கூடாத இடத்தில் கேட்கிறது என்று பொருள்.

அப்படியானால், பென் டிரைவிலிருந்து முயன்றபோது வேறு எண் வந்தது ஏன்? 081எஃப் என்பது, காட்டப்பட்ட இடத்தில் தேவையான மூலக்கோப்புகள் கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது. கடைக்காரர், விண்டோஸின் பதிப்பைக் காட்டும் வின்வெர் கட்டளையைக் கொடுத்துப் பார்த்ததில் எங்கள் கணினியில் இருந்தது 24எச்2 பதிப்பு என்று தெரிந்தது. முந்தைய இளைஞர் கொண்டுவந்த பென் டிரைவின் பெயர் என் நினைவில் இருந்ததால் அதைச் சொன்னேன், அது 23எச்2. கணினியின் பதிப்பும் மூலக்கோப்புகளின் பதிப்பும் பொருந்தாவிட்டால், கண்ணெதிரே கோப்பு இருந்தும் விண்டோஸ் அதை ஏற்பதில்லை. ஆக, ஒரே கூறு நிறுவ மறுத்தாலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவருக்குக் கணினி முழுவதும் பழுதாகத் தோன்றியது. தனித்தனியே பார்த்தவருக்கு வேலை எளிதாயிற்று.

செய்த வேலையும் அதிகமில்லை. தவறினால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிய பின், கணினியின் கொள்கை அமைப்புகளை மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டரில், அகச் சர்வரின் முகவரியைக் குறிப்பிடும் கொள்கையைக் ‘கட்டமைக்கப்படவில்லை’ என்ற நிலைக்கு மாற்றினார். இந்த எடிட்டர் ப்ரோ போன்ற பதிப்புகளில்தான் உண்டு. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக மாற்ற வேண்டியிருக்கும். அலுவலகச் சர்வர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் இப்படி அடியோடு நீக்கக் கூடாது என்றும், விருப்பக் கூறுகளை மட்டும் நேரடியாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து பெற அனுமதிக்கும் தனிக் கொள்கை ஒன்று இருக்கிறது என்றும் அவர் கூடுதலாகச் சொன்னார். விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்கிய பின், தம்மிடமிருந்த 24எச்2 நிறுவல் கோப்பை இணைத்து, அதன் சோர்சஸ் கோப்புறைக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையை மூலமாகக் காட்டி, நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைத் திரையில், விண்டோஸ் கூறுகளை நிறுவ உதவும் டிஸ்ம் கட்டளையை இயக்கினார். நூறு விழுக்காடு வரை சென்று வெற்றி என்ற செய்தி வந்தது. கொலுசுக் கணக்கு, பட்டறைப் பெயர்கள் வரிசை மாறாமல் திறந்தது.

பல கடைகள் இந்த இடத்தில் கணினியைக் கையில் கொடுத்துவிடும். இவர் விண்டோஸ் அப்டேட்டை இன்னொரு முறை ஓடவிட்ட பிறகே கொடுத்தார். நிறுவல் கோப்பிலிருந்து எடுத்த டாட்நெட் 3.5 பழைய நிலையில் இருக்கும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் பிறகுதான் சேரும். அந்தச் சர்வர் முகவரி காரணமாகத் தேங்கிக் கிடந்த பிற மேம்பாடுகளும் அப்போது சேர்ந்து இறங்கின. கண்ட இணையதளங்களில் ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ என்ற பெயரில் கிடைக்கும் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி சுத்திகரிப்பு மென்பொருள்களையும் தொட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். வியாபாரத் தரவு இருக்கும் கணினியில் அந்தக் கண்டிப்பு நியாயமானதே.

குறைகளும் உண்டு. மாடிப்படி மிகக் குறுகலானது. டவர் வகைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வயதானவர்களுக்கு இயலாத காரியம், வீட்டுக்கோ கடைக்கோ வந்து பார்ப்பதும் அவர் வழக்கமில்லை. வண்டி நிறுத்த இடம் இல்லாததால் கீழே ஒருவர் நின்றே ஆக வேண்டும். வேலை எப்போது முடியும் என்று தொலைபேசியில் கேட்டால் தெளிவான பதில் வராது. வரிசையில் முன்னால் இருப்பவர்களின் வேலையை முடித்துவிட்டுத்தான் நம்முடையதை எடுக்கிறார். எல்லாவற்றையும்விட, என்ன மாற்றினார் என்பதை எழுதித் தரும் பழக்கம் அங்கே இல்லை. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இதை நான் பெரிய குறையாகவே எண்ணுகிறேன். கேட்ட பிறகு ரசீதின் பின்புறத்தில் சில வரிகள் எழுதிக் கொடுத்தார். கேளாமலே கொடுக்க வேண்டிய ஒன்று அது.

கட்டணம் 600 ரூபாய். முந்தைய கடையில் ஃபார்மட் செய்யக் கேட்ட தொகையும் ஏறக்குறைய அதேதான் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். செல்பவர்கள் பிழை எண் தெரியும் திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனால் பாதிக் கேள்விகள் குறையும். நான் இருந்தபோது ஏற்காட்டுக் காபித் தோட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து இதே கூறு தொடர்பாக ஒருவர் வந்திருந்தார். மலையில் இணைய வேகம் போதாததால் பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பை இறக்க முடியவில்லை என்றார். அவருக்கு, பொருத்தமான பதிப்பின் எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் போட்டு, கட்டளையைத் தாளில் எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். கணினியைக் கொண்டுவரச் சொல்லி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி ஏறி இறங்க வைத்திருந்தால் கடைக்காரருக்குக் கட்டணம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

டாட்நெட் 3.5க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2029 ஜனவரி 9ஆம் தேதி முடிவடைகிறது. அதற்குள் கொலுசுக் கணக்கை வேறு மென்பொருளுக்கு மாற்றியாக வேண்டும் என்பதால், அதையும் செய்து தருவீர்களா என்று கேட்டேன். மென்பொருள் எழுதுவது தம் வேலையில்லை என்றும், பழைய தரவை எக்செல் கோப்பாக எடுத்துத் தர மட்டும் முடியும் என்றும், அதற்கான தொகையைத் தரவைப் பார்த்த பிறகே சொல்வதாகவும் பதிலளித்தார்.