அரண்மனையில் ரிசப்ஷன் என்றார்கள்

அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பிப்ரவரியில் மெல்பர்னிலிருந்து மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பெங்களூர், அல்சூர். ரிசப்ஷன் பெங்களூர் அரண்மனையில் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் எல்லாம் கொடி படர்ந்த கோபுரம், கல் சுவர். அட்வான்ஸ் கட்டி, நேரில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, நாங்கள் பிடித்தது அரண்மனையை இல்லை, அரண்மனை மைதானத்தில் இருக்கிற ஒரு மண்டபத்தை. கோபுரத்தின் நுனிகூட அங்கிருந்து தெரியாது. கேட்டால், "பேலஸ் கிரவுண்ட்ஸ்னுதானே சார் சொன்னேன்" என்கிறார். பொய்யும் இல்லை.

மைதானம் 450 ஏக்கருக்கு மேல். கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா, கண்காட்சி எல்லாம் அதற்குள்தான் (2011-இல் மெட்டாலிகா கச்சேரிகூட அங்கேதான் நடந்தது). 1996-இல் கர்நாடக அரசு மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது, மைசூர் ராஜ குடும்பமான உடையார் குடும்பம் நீதிமன்றம் போனது, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் இழுத்தது.

நீங்கள் பிடிப்பதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த கேட் என்று. பெல்லாரி ரோடு பக்கமும் வழி இருக்கிறது, ஜெயமஹால் ரோடு பக்கமும் இருக்கிறது. பத்திரிகையில் வெறுமனே "அரண்மனை மைதானம்" என்று அச்சடித்துவிட்டோம். பாதிப் பேர் மேக்ரி சர்க்கிளில் மாட்டிக்கொண்டார்கள், பெரியப்பா வேறு யார் வீட்டுக் கல்யாணத்திலோ காப்பியே குடித்துவிட்டு வந்தார். அப்புறம் பில். சொன்ன வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஜெனரேட்டர் டீசல் தனி, சமையல்காரரை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதற்கும் ஒரு தொகை. எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், நாங்கள் வாய்ப்பேச்சை நம்பினோம். இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியே ஆக வேண்டும், அது நாடு முழுக்க உள்ள விதி. எங்கள் ஆட்கள் மேடையேறவே ஒன்பதே கால்.

ஆனால் இடம் நிஜமாகவே தாராளம், பார்க்கிங்குக்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நகரத்துக்குள் இவ்வளவு பேரை உட்கார வைக்க வேறு எங்கே போவது?

இரண்டு நாள் கழித்து மணமக்களைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுத்து அசல் அரண்மனைக்குப் போனோம். பள்ளிக்கூட முதல்வர் காரெட்டிடமிருந்து 1873-இல் மைசூர் ராஜ குடும்பத்துக்காக வாங்கியதாம். மாடியில் தர்பார் ஹாலில் பெரிய யானைத் தலை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். ரிசப்ஷன் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அக்கா தேர்ந்தெடுத்திருப்பது அன்றைக்குக் கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படம்தான்.