பி.ஆர்க்கா, பி.இ. சிவிலா? கட்டட வேலை படுத்திருக்கும்போது எதை எடுப்பது

கட்டுமானத் துறையில் மந்தம் என்று செய்தி வந்தாலே, ஆர்க்கிடெக்சர் ஆசையில் இருக்கும் பிள்ளைகளிடம் வீட்டில் ஒரு யோசனை சொல்வார்கள்: "பேசாம சிவில் எடுத்துடு, நாலு வருஷம்தான், நுழைவுத் தேர்வும் இல்ல." நான் 2020-ல் பிளஸ் டூ முடித்தவள். அப்பா எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர். ஊரடங்கில் எல்லா சைட்டும் நின்றுபோன நேரத்தில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். நான் பி.ஆர்க், அதாவது ஐந்து வருஷ ஆர்க்கிடெக்சர் பட்டப்படிப்பு, எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேரும் வழி சிவிலுக்கு எளிது. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு கட்-ஆஃப், அப்புறம் கலந்தாய்வு. பி.ஆர்க்குக்கு பிளஸ் டூவோடு நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வும் வேண்டும். மாநிலக் கலந்தாய்வில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 200 என்று 400-க்கு ரேங்க் போடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. என்ற மத்திய அரசு ஆர்க்கிடெக்சர் கல்லூரிகள் எல்லாம் ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள் வழியாக. அந்த வழியில் நான் போனதில்லை, போனவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

என் வருஷத்தில் கவலை நாட்டாவைவிட வேதியியல்தான். அப்போது கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும் என்று விதி. வேதியியல் தேர்வு நடந்ததோ மார்ச் 24, ஊரெல்லாம் அடங்கிக்கொண்டிருந்த நாள். வர முடியாமல் போனவர்களுக்கு ஜூலை 27-ல் மறுதேர்வு வைத்தார்கள். ஆகஸ்டில் மத்திய அரசு அந்த ஆண்டுக்கு மட்டும் தளர்வு கொடுத்து, அந்தப் பாடங்களில் தேர்ச்சி இருந்தாலே போதும் என்றது. விதி வருஷத்துக்கு வருஷம் இப்படி மாறும். போன வருஷம் சேர்ந்தவர் சொன்னதை வைத்து முடிவு எடுக்காமல், இந்தப் படிப்புக்கு விதி வகுக்கும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் அந்த ஆண்டுக் கையேட்டைப் படியுங்கள். பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் இல்லாத குரூப் எடுத்தால் மட்டும் கதவு அங்கேயே மூடிவிடும்.

"படம் வரைய வராதே" என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. இப்போதைய நாட்டாவில் 200-ல் 80 மதிப்பெண் வரைதலுக்கும் வடிவமைப்புக்கும், 120 கணினித் தேர்வுக்கு. அந்த 80-ல் முப்பது மதிப்பெண், கொடுக்கும் பொருட்களை வைத்து அங்கேயே ஒரு முப்பரிமாண வடிவம் செய்வதற்கு. முகம் அச்சு அசலாக வரையத் தெரிந்தாக வேண்டும் என்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் கூரை எப்படிச் சரிகிறது, தூண்கள் தூரம் போகப் போக எப்படி நெருங்குகின்றன என்று கவனித்துத் தினமும் ஒரு பக்கம் வரைந்தால் வரும். அதற்குப் பென்சிலும் பேப்பரும் போதும், பெரிய கோச்சிங் கட்டணம் தேவையில்லை.

சரி, மந்தம். 2020-ல் முதல் நாட்டா ஆகஸ்ட் 29 அன்று நடந்தது. இரண்டே நாளில், 31-ஆம் தேதி, நாட்டுப் பொருளாதாரத்தின் ஏப்ரல்-ஜூன் காலாண்டுக் கணக்கு வெளியானது: கட்டுமானத் துறை 50.3 சதவீதம் சரிவு. வீட்டில் மறுபடியும் பேச்சு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சரிவு சிவிலுக்கும்தானே? இரண்டு பேரும் நிற்பது ஒரே சைட்டில். மந்தத்துக்குப் பயந்து ஆர்க்கிடெக்சரை விட்டு சிவிலுக்குப் போவதில் தப்பித்தல் எதுவும் இல்லை. வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. பணத் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிற்பது பிளான். நிலைமை தேறினால் முதலில் கூப்பிடுவதும் பிளான் போடத்தான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். சிவில் படித்துவிட்டுப் பிறகு ஆர்க்கிடெக்ட் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக முடியாது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதுபோல் பி.ஆர்க்கில் சேர வழியில்லை. சிவில் நாலு வருஷம் முடித்தவரும் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, முதலாம் ஆண்டிலிருந்து ஐந்து வருஷம் படிக்க வேண்டும். முதுநிலைப் படிப்பான எம்.ஆர்க் படிக்கவும் பி.ஆர்க் வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் தடுப்பது பெயரைத்தான், வேலையை அல்ல என்று சொன்னது. ஆகவே சிவில் படித்தவர் வீடு வடிவமைக்கலாம், நம் ஊரில் ஏராளமானோர் செய்கிறார்கள். அந்தப் போட்டி எங்களுக்கு உண்மையான சுமை. பி.ஆர்க் பக்கத்திலிருந்தோ நகரத் திட்டமிடல், இன்டீரியர், கட்டுமான மேலாண்மை என்று பல திசையில் போகலாம். திட்டமிடலுக்கு சிவில்காரர்களும் வரலாம், ஆனால் ஆர்க்கிடெக்ட் ஆக அவர்களால் இந்தப் பக்கம் வர முடியாது. மந்தம் இரண்டு மூன்று வருஷத்தில் தேறலாம், அதற்காக எடுத்த பட்டம் மாறாது. நான் கல்லூரிக்குள் போனபோது இருந்த சந்தை வேறு, வெளியே வந்தபோது இருந்தது வேறு.

சிவிலுக்குச் சாதகமானதையும் சொல்ல வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. வழியாகப் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் வேலை அங்கேதான். அரசு வேலைதான் குறி என்றால் யோசிக்காமல் சிவில் எடுங்கள். சம்பளத்தில், என்னோடு படித்து சிவில் போன நண்பர்கள் ஒரு வருஷம் முன்னாலேயே சம்பாதிக்கத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகளில் அவர்கள் நிலை பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

செலவிலும் சிவில்தான் லேசு. எங்களுக்குக் கட்டணத்துக்கு மேல் ஏ1 ஷீட், மவுண்ட் போர்டு, பிரிண்ட், நல்ல லேப்டாப் என்று போய்க்கொண்டே இருக்கும். மேடும் பள்ளமுமான ஒரு மனைக்கு மாடல் செய்ய, போர்டை அடுக்கடுக்காகக் கட்டரால் அறுத்து ஒட்ட வேண்டும். ஒரு அடுக்கு பிசகினால் புதுப் போர்டு வாங்க வேண்டும், மறுநாளே ஜூரி, அதாவது வேலையை வைத்து மதிப்பிடும் நாள். வருமானம் குறைந்த வீட்டில் இந்தச் சில்லறைச் செலவுகள்தான் கடிக்கும். கல்விக் கடன் கேட்பதாக இருந்தால், கல்லூரிக் கட்டணத்தை மட்டும் காட்டாதீர்கள். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து, லேப்டாப்பையும் வரைபொருட்களையும் பட்டியலில் போட்டு வங்கிக்குக் கொடுங்கள். அவற்றுக்கும் கல்விக் கடனில் இடம் உண்டு. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். பாதிப் படிப்பில் போய்க் கூடுதலாகக் கேட்பது சிரமம்.