தூரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் ஏஜென்டை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போய், அதே நாள் அங்கிருந்து ஜப்பானின் வடக்கே உள்ள சப்போரோவுக்கு விமானம் பிடிக்க வேண்டும். நானும் அம்மாவும். அம்மாவால் அதிகம் நடக்க முடியாது, சக்கர நாற்காலி தேவை. அதனால் நடுவில் நிறைய நேரம் வேண்டும் என்று ஏஜென்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் காட்டும் ஒரு இணையப் பக்கத்தை அவர் திறந்தார். சுமார் 7,800 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம். “சாயங்காலம் 5:30க்குக் கிளம்பினா அந்த ஊர் நேரப்படி மறுநாள் காலை 10 மணிக்கு டோக்கியோ. சப்போரோ விமானம் 1 மணிக்கு. மூணு மணி நேரம் தாராளமா இருக்கு சார்” என்றார். சீட் தீர்ந்துவிடும் என்று அவசரப்படுத்தி, சப்போரோ டிக்கெட்டைத்தான் முதலில் போட்டார். ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட் அது. அதை அவர் சொல்லவே இல்லை.

நாலு நாள் கழித்து டோக்கியோ டிக்கெட் வந்தது. இறங்கும் நேரம் மதியம் 1:30. பயணம் 13 மணி நேரம்! நாங்கள் தரையிறங்கும் முன்பே சப்போரோ விமானம் கிளம்பிப் போயிருக்கும்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அந்த இணையப் பக்கம் காட்டுவது பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். அதைச் சராசரி வேகத்தால் வகுத்து ஒரு நேரம் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறுக்கு வழி ரஷ்யாவின் சைபீரியா மேல் போகிறது. 2022 பிப்ரவரி வரை விமானங்கள் அப்படித்தான் பறந்தன, ஒன்பதரை மணி நேரம் சரியாகவே இருந்தது. அந்த மாதக் கடைசியில் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிவிட்டது. இப்போது வட துருவப் பக்கமாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றித்தான் போகிறார்கள்.

வான்வெளி திறந்திருந்தாலும் காற்று இருக்கிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே போக வர ஒரே தூரம்தான். ஆனால் மேற்கிலிருந்து வீசும் காற்றால், நியூயார்க் போகும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக ஆகும்.

ஏஜென்டிடம் கேட்டால், “அந்த இணையப் பக்கத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு” என்கிறார். விமான நிறுவனத்தின் அட்டவணையை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அதைப் பார்க்கத்தானே அவருக்குக் காசு கொடுக்கிறோம்?

இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் சப்போரோ விமான நிறுவனமும் கை விரித்துவிட்டது. மறுநாளுக்கு வேறு டிக்கெட் எடுத்தோம், ஒரு ராத்திரி டோக்கியோவில் தங்கினோம். எல்லாம் எங்கள் செலவு. தயவுசெய்து இரண்டு பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போடச் சொல்லுங்கள். இறங்கும் நேரத்தை, அந்த ஊர் நேரப்படி, நிறுவனத்தின் அட்டவணையில் நீங்களே பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் அவர் எழுதி அனுப்பியிருந்தது அதே ஒன்பதரை மணி நேரம்தான்.